வாக்கியமும் திருக்கணிதமும்

யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்கி வருகின்றன. சித்திரைப் புத்தாண்டுப் புண்ணியகாலம் இரண்டினும் ஒத்து வருதல் அரிது. சில வேளைகளில் விரதநாளே வேறுபட, ஒரு வீட்டில் நோன்பும் அயல்வீட்டிற் பாரணையும் நிகழ்தலும் உண்டு. வாக்கியத்தைத் திருத்துதல் மரபை அழித்தலாகும் என்பர் சிலர். அக்கூற்று வரலாற்றொடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நம் முன்னோர் கொண்ட நாள் சூரியோதயத்தில் தொடங்குவது. ஓர் உதயத்திலிருந்து மறு உதயம்வரை 60 நாழிகை. நாழிகை ஒன்று 24 நிமிடம். அதன் அறுபதில் ஒரு கூறு விநாடி. அவ்விநாடி 24 செக்கன் கொண்டது. முல்லைப்பாட்டுக் காலத்திலேயே பாசறையிற் பொழுதளக்க நீர்க்கன்னல் இருந்தது. இலங்கையில் 1996 இல் மணிக்கூட்டை முன்தள்ளி, 2006 இற் பழைய நிலைக்கு மீட்டனர். உதயம்முதல் எண்ணும் நாழிகைக் கணக்கோ அதனால் ஒரு விநாடியும் அசைந்திலது!

திதி அத்துணை எளிதன்று. சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. சந்திரன் ஓட்டம் ஒரு சீரானதன்று ஆதலின், திதியின் அளவு 54 முதல் 65 நாழிகை என்றது பழங்கணக்கு. உண்மையில் அஃது ஏறத்தாழ 50 முதல் 67 நாழிகைவரை வேறுபடும். பூசல் முளைக்கும் இடம் இதுவே.

ஆயினும், வாக்கிய முறையின் அருமை எளிதில் இகழற்பாலதன்று. சந்திரன் பூமிக்கு அணித்தாகி மீண்டும் அணித்தாகும் சுற்று ஒன்பது நிறைய ஏறத்தாழ 248 நாள் ஆகும். அந்நாட்களுக்குரிய சந்திரனிலைகளைக் கடபயாதி முறையால் எண்களை எழுத்துகளாக்கி, 248 சிறு வாக்கியங்களில் அடைத்தனர். அவற்றைச் செய்தவர் வரருசி என்பது மரபு. மனனஞ் செய்தவனுக்கு ஏடும் வேண்டியதில்லை. 1825 இற் காலசங்கலிதம் என்னும் நூலை வெளியிட்ட வாரன் என்பார், தமிழ்க் கணிதர் ஒருவர் தரையிற் சோகிகளை வைத்து, வாய்பாடுகளை நினைவிலிருந்தே எடுத்து, அவ்வாண்டு மே மாத முடிவில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தைக் கணித்தமையைப் பதிந்துள்ளார். தொடக்கம் 4 நிமிடமே பிழைத்தது. நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. எழுதுகருவி இன்றி அவ்வளவேனும் அணுகிய ஆற்றல் வியக்கத்தக்கதே.

பிழை உளது என்பதும் மறைத்தற்குரியதன்று. வாக்கியத்தார் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. இஃது இக்காலத்தார் அளந்த நட்சத்திர ஆண்டினும் ஏறத்தாழ 3 நிமிடம் 20 செக்கன் மிக்கது. அம்மிகை ஏறத்தாழ 430 ஆண்டில் ஒரு நாளாய்த் திரளும்.

இத்தகைய பிழைகளை முன்னோர் அறியாதிருந்தாரல்லர். ஆரியபடீயக் கணக்கு வானொடு பொருந்தாமை கண்டு, ஹரிதத்தர் கி. பி. 683 அளவிற் பரகிதம் என்னும் திருத்தத்தை வகுத்தார் என்பர். அப்பரகிதமும் பின்னர்ப் பிழைத்தது. கேரளத்துப் பரமேசுவரர் 1393 முதற் கிரகணங்களை நேரில் நோக்கிக் குறித்து வந்து, 1431 இல் மீண்டும் திருத்தி ஒரு நூல் செய்தார். அந்நூற்பெயர் திருக்கணிதம். அப்பெயரில் உள்ள ‘திரு’ செல்வத்தையோ தெய்வத்தன்மையையோ குறித்ததன்று. ‘த்ருக்’ என்னும் வடசொல்லின் திரிபு. கண்ணாற் காண்டல் என்பது அதன் பொருள்.