பன்னாட்டு அருங்காட்சியக நாள்

ஆண்டுதோறும் மே 18-ஆம் தேதி உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பொதுமக்களுக்காக உரைகள், விளக்க நடைகள், செய்முறைப் பயிற்சிகள், சிறப்புக் கண்காட்சிகள் ஆகியவற்றை நடத்தும் நாள் பன்னாட்டு அருங்காட்சியக நாள். தமிழ்நாட்டில் 'உலக அருங்காட்சியக தினம்' என்ற பெயரே பரவலாக வழங்குகிறது. பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டு 1946-இல் தோன்றிய பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவை, 1977-இல் மாஸ்கோவில் கூடியபோது நிறைவேற்றிய தீர்மானமே இந்நாளுக்குத் தொடக்கம். பண்பாடுகள் ஒன்றையொன்று அறியவும் மக்களிடையே புரிதலும் அமைதியும் வளரவும் அருங்காட்சியகங்கள் உதவும் என்பது தீர்மானத்தின் உட்கருத்து.

1992 முதல் ஆண்டுக்கொரு கருப்பொருளைப் பேரவை அறிவித்து வருகிறது. முதல் கருப்பொருள் சுற்றுச்சூழல். 2024-இல் கல்வியும் ஆராய்ச்சியும் கருப்பொருளாயின. 1997-இல் பண்பாட்டுச் சொத்துகளைக் கடத்தி விற்பதற்கு எதிரான போராட்டத்தைப் பேரவை எடுத்துக்கொண்டது. தமிழருக்கு இது நெருக்கமான செய்தி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கியது. 2014-இல்தான் அது இந்தியாவுக்குத் திரும்பியது. ஓர் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பொருள் எப்படி வந்தது என்று மக்கள் முன் சொல்லக் கடமைப்பட்டது. அதற்கு இந்நாளைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

இப்படித்தான் கொண்டாட வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. சில இடங்களில் ஒரு நாளோடு முடியும். சில இடங்களில் வாரம் முழுவதும் நீளும். பல இடங்களில் அன்று நுழைவுக் கட்டணம் இல்லை. 2026-இல் மே 18 திங்கட்கிழமை. பல நாடுகளில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் வார விடுமுறை என்பதால், அத்தகைய ஆண்டுகளில் நிகழ்ச்சிகளை முன்பின் நகர்த்திக்கொள்கிறார்கள். 2020 மே மாதத்தில் கொரோனாவால் உலகில் ஏறத்தாழ 90 விழுக்காடு அருங்காட்சியகங்கள் மூடிக்கிடந்தன. அந்த ஆண்டு இந்நாள் பெரும்பாலும் இணையவழியாகவே நடந்தது.

கட்டணமில்லா நுழைவைவிட இந்நாளில் மதிப்புமிக்கது, காப்பாட்சியர் தம் அறையை விட்டு வெளியே வந்து ஒரு பொருளின் அருகில் நின்று பேசும் அந்த ஒரு மணி நேரம். 'வெண்கலம், சோழர் காலம்' என்ற விவரப்பலகையைப் படித்துவிட்டு எவரும் அடுத்த சிலைக்கு நகர்ந்துவிடலாம். பேசுபவர் பீடத்திலுள்ள துளைகளைக் காட்டி, கழிகளைச் செருகித் திருமேனியை வீதியுலாவுக்குத் தூக்கிச் சென்றது இவற்றால்தான் என்று சொன்னால் கேட்பவர் அங்கேயே நின்றுவிடுவார். முகம் மழுங்கியிருப்பது தலைமுறை தலைமுறையாக நடந்த அபிஷேகத்தின் தேய்மானம் என்று அறிந்தபின் அதே முகம் வேறாகத் தெரியும். செய்முறைப் பயிற்சியும் அப்படியே. தேன்மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கும் முறை சுவாமிமலை ஸ்தபதிகளிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கையில் மெழுகு உருட்டிப் பார்த்த பிள்ளைக்கு அச்சு ஒவ்வொன்றும் ஒரு முறைக்குத்தான் என்பது தானாகவே புரியும்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இந்நாளைக் கொண்டாடும் பழைய நிறுவனங்களில் ஒன்று. 1851-இல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் கல்லூரிச் சாலையில் தொடங்கி, சில ஆண்டுகளில் இன்றைய பாந்தியன் சாலை வளாகத்துக்கு மாறியது. பால்ஃபர் அங்கேயே விலங்குகளையும் வைத்து வளர்த்தார். சென்னை உயிரியல் பூங்காவின் தொடக்கம் அதுதான். பழைய சென்னைவாசிகள் உயிரியல் பூங்காவை 'உயிர் காலேஜ்' என்றும் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்தார்கள். அமராவதிச் சிற்பங்கள், திருவாலங்காட்டு நடராசர், ஆதிச்சநல்லூர்த் தாழிப் பொருள்கள், 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்கால கைக்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டியவை என அங்குள்ள ஒவ்வொன்றும் ஒரு முழு உரைக்குத் தாங்கும்.

தமிழ்நாட்டில் மே 18 கோடை விடுமுறைக்குள் விழுகிறது. பள்ளிகள் வழியாக மாணவர்களைத் திரட்ட முடியாது. பெற்றோர் கூட்டிவந்தால்தான் உண்டு. விடுமுறை முகாம்களோடு இந்நாளை இணைக்கும் அருங்காட்சியகங்கள் இந்தத் தடையையே வாய்ப்பாக மாற்றிக்கொள்கின்றன.

ஐரோப்பாவில் இந்நாளை ஒட்டி வரும் சனிக்கிழமை இரவில், 2005 முதல் பிரான்சின் முன்முயற்சியால், 'ஐரோப்பிய அருங்காட்சியக இரவு' நடக்கிறது. அதற்கு முன்பே 1997-இல் பெர்லின் நகரம் தன் அருங்காட்சியகங்களை ஒரே இரவில் சேர்ந்து திறந்துவைத்தது. பகலில் வேலைக்குச் செல்பவர்களும் வர முடிந்ததால் அந்த வழக்கம் பல நகரங்களுக்குப் பரவியது.

பிள்ளைகளோடு செல்ல நினைப்பவர்கள் முன்னதாகவே அருங்காட்சியகத்தைக் கேட்டு, உரை தமிழில் உண்டா, எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் இல்லையென்றால் வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் ஏற்பாடு நடக்கும்.