இரண்டு பாறைகளுக்கு நடுவே

அமெரிக்காவின் டென்வர் நகருக்கு மேற்கே, மாரிசன் என்ற சிற்றூரை ஒட்டி, இரண்டு செம்பாறைகள் எதிரெதிராக நிற்கின்றன. ஒன்று கப்பல் பாறை, மற்றது படைப்புப் பாறை. ஒவ்வொன்றும் சுமார் 300 அடி உயரம். நடுவில் இறங்கும் சரிவுதான் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கம். 9,500 பேர் வரை உட்காரலாம். கடல் மட்டத்துக்கு மேல் 6,450 அடி என்பதால், பழக்கமில்லாத பாடகருக்குப் பாதிப் பாட்டிலேயே மூச்சு வாங்கும்.

பாறைகளின் வயது ஏறத்தாழ 30 கோடி ஆண்டு. அங்கே முதலில் மேடை போட்டவர் ஜான் பிரிஸ்பென் வாக்கர், ‘காஸ்மோபாலிடன்’ பத்திரிகையை விற்றுவிட்டு வந்தவர். 1906 முதல் சில ஆண்டுகள் தற்காலிக மேடையில் கச்சேரி நடத்தினார். பாறையில் பட்டுத் திரும்பும் ஒலியின் தெளிவில் சொக்கிப்போனவர்களில் ஓபரா பாடகி மேரி கார்டனும் ஒருவர். அவர் அங்கே பாடியது 1911இல்.

டென்வர் நகராட்சி 1928இல் இடத்தை 54,133 டாலருக்கு வாங்கியது. இன்று நினைத்தால் கொள்ளை மலிவு. பூங்காத் துறையின் ஜார்ஜ் கிரான்மர் விடாப்பிடியாக நின்றதால் 1936இல் வேலை தொடங்கியது. பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் தவித்த இளைஞர்களுக்காக மத்திய அரசு அமைத்திருந்த தொழிற்படையினர்தான் கல்லைப் புரட்டினார்கள். மாதம் 30 டாலர் கூலி. அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். அவர்கள் தங்கிய முகாமின் கட்டடங்கள் இன்னும் மலையடிவாரத்தில் இருக்கின்றன.

வரைபடம் போட்டவர் பர்னம் ஹாய்ட். அவருடைய கெட்டிக்காரத்தனம் கட்டியதில் இல்லை, கட்டாமல் விட்டதில் இருக்கிறது. தூண் இல்லை, அலங்கார வளைவு இல்லை. சரிவின் போக்கிலேயே சுமார் 70 வரிசைப் பலகை இருக்கைகள், ஓரங்களில் ஜூனிப்பர் மரங்கள். பக்கச் சுவர் வேலையைப் பாறையே பார்த்துக்கொண்டது. 1941 ஜூன் 15 அன்று திறப்பு விழா.

கூரை இல்லாத இடத்தில் வானம்தான் பாதி நிகழ்ச்சியை நடத்தும். 1964 ஆகஸ்ட் 26இல் பீட்டில்ஸ் இசைக்குழு வந்தபோது சீட்டு 6.60 டாலர். நாடே அவர்கள்மேல் பைத்தியம் பிடித்து அலைந்த அந்த அமெரிக்கப் பயணத்தில், இங்கே மட்டும் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. 1971 ஜூனில் ஜெத்ரோ டல் குழு வந்தபோது கதை தலைகீழ். சீட்டுக் கிடைக்காத கூட்டம் மலையேறி உள்ளே புக முயல, போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. கூரையா இருக்கிறது தடுக்க? புகை காற்றோடு இறங்கி, காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணையும் எரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே குழு வாசித்து முடித்தது. அதன்பின் நகராட்சி ராக் கச்சேரிகளுக்குத் தடை போட்டது. நிகழ்ச்சி அமைப்பாளர் பாரி ஃபே வழக்குப் போட்டு வென்ற பிறகே மேடை திரும்பக் கிடைத்தது.

1983 ஜூன் 5இல் மழை. யூ2 குழுவுக்கோ கச்சேரியைப் படம்பிடிக்க ஏற்கெனவே பெரும் பணம் செலவாகிவிட்டது. ரத்து செய்ய மனம் வரவில்லை. நனைந்தபடி நின்றவர்கள் ஏறத்தாழ 4,400 பேர். மூடுபனி, தீப்பந்தம், ஈரத்தில் இன்னும் சிவந்த பாறை: எந்தக் கலை இயக்குநரும் போட்டிருக்க முடியாத செட். அந்தப் படம் ஓடிய பிறகு, அதுவரை பேரே கேட்டிராத ஊர்க்காரர்களும் இந்த அரங்கைத் தேடி வந்தார்கள்.

2015இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். கச்சேரி இல்லாத காலை வேளைகளில், டென்வர்க்காரர்கள் வியர்க்க விறுவிறுக்க அரங்கின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.