மண்ணிடம் பட்ட கடன்

வாசலைக் கூட்டிக் குவித்த சருகுக்குத் தீ வைப்பது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அதைப் பார்த்து வளரும் பிள்ளை, சருகைக் குப்பையென்றே எண்ணும். அப்பிள்ளைக்கு நாம் சொல்லவேண்டிய வரலாறு ஒன்று உண்டு.

1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. மரத்தின் உணவைப் புல் தின்றுவிடும், ஆகவே ஒரு புல்கூட இருத்தலாகாது என்று அன்றைய துரைமார் பலர் கருதினர். நம் பாட்டன் பாட்டிமார் சங்கோல் பிடித்து, துடைத்து வைத்தாற்போல் தரையைச் செதுக்கினர்.

விளைவு என்ன? ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழியும் நாடு இது. காட்டிலே மழையின் அடியைச் சருகு தாங்கிக்கொண்டது. வெறுமையான மேட்டு நிலத்திலோ மேல்மண் கரைந்து ஆற்றோடு போயிற்று. பல தலைமுறைச் சருகு மக்கிச் சேர்த்த வளம் சில ஆண்டுகளில் தொலைந்தது. நம்மவர் சிந்திய வியர்வையும் அதனோடு வீணாயிற்று.

பின்னர் தவறு உணரப்பட்டது. அவரை இனக் கொடிகளைத் தரையில் படரவிடும் வழக்கம் படிப்படியாகப் பரவியது. அக்கொடிகள் மண்ணைக் காத்தன. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளின் வழியே மண்ணில் சேர்த்தன. உதிர்ந்த இலைகள் உரமாயின.

அக்காலத்தில், 1924 முதல் 1931 வரை, இந்தியாவின் இந்தூர் நகரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற அறிஞர் எருவாக்கும் முறையை ஆராய்ந்தார். பயிர்க்கழிவு, சாணம், சாம்பல், மண் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிவிட்டால் மூன்று மாதங்களில் நல்ல எரு கிடைக்கும் என்று காட்டினார். உழவர்களிடமே தாம் பாடம் கற்றதாக அவர் கூறினார். நம் முன்னோரின் எருக்குழி அறிவும் அத்தகையதுதான்.

இன்று நம் வீட்டருகே முழங்கால் ஆழத்தில் ஒரு குழி போதும். காய்கறித் தோலையும் சருகையும் பிள்ளைகளே போடட்டும். மேலே சிறிது மண் தூவட்டும். மீன், இறைச்சி, நெகிழிப்பை வேண்டாம். தண்ணீர் தேங்கவிடலாகாது, கொசு பெருகும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். சில மாதங்களில் கறுத்து உதிரும் எருவைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் இடச் சொல்வோம்.

மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும். நம் பாட்டன்மார் காலத்தில் ஆற்றோடு போன மண் திரும்பி வராது. எஞ்சிய மண்ணைக் காக்கும் பழக்கத்தையாவது நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வோம்.