கொரோனா தீவிரத்தை முன்கூட்டியே உணர்த்துமா மைக்ரோ ஆர்.என்.ஏ.?

மைசூரு: மைசூரு மாவட்டம் நஞ்சன்கூட்டில் 2020 மார்ச் இறுதியில் மருந்து ஆலை ஊழியர்களிடையே கொரோனா பரவியது. தொற்றாளர்களில் யாருக்கு நோய் முற்றும் என்பதை முன்கூட்டியே அறிவது அப்போது முதல் மருத்துவ உலகின் முக்கியக் கேள்வியாக இருந்து வருகிறது. அதற்கு விடை தரக்கூடியவையாக மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஆராயப்படுகின்றன.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது என்ன?

சுமார் 22 நியூக்ளியோடைடுகள் நீளமுள்ள இம்மூலக்கூறுகள் புரதம் எதையும் உருவாக்குவதில்லை; மரபணுக்களின் செய்தியை ஏந்திவரும் ஆர்.என்.ஏ.வுடன் இணைந்து புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்துகின்றன. 1993-இல் உருளைப்புழுவில் இவற்றைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோருக்கு 2024-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நோயின் தீவிரத்துடன் தொடர்பு

கொரோனா மரணங்களுக்குக் கட்டுக்கடங்காத அழற்சி முக்கியக் காரணம். மிர்-155 அழற்சியைத் தூண்டுகிறது. மிர்-146ஏ அதைத் தணிக்கிறது. தீவிர நோயாளிகளின் ரத்தத்தில் முன்னது உயர்ந்தும் பின்னது குறைந்தும் இருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. மிர்-2392 நோயாளிகளின் ரத்தத்திலும் சிறுநீரிலும் காணப்பட்டதாக 2021-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

சாதகமும் தடையும்

தொற்றைக் கண்டறிய உதவிய ஆர்.டி.-பி.சி.ஆர். முறையிலேயே இவற்றையும் அளவிடலாம். எனினும், மாதிரியில் சிவப்பணுக்கள் சிதைந்தால் அளவு மாறிவிடும். அளவீட்டு முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுகிறது. பல ஆய்வுகளில் நோயாளிகளின் எண்ணிக்கையும் குறைவு. எனவே சி-ரியாக்டிவ் புரதம், டி-டைமர், ஃபெரிட்டின் ஆகிய வழக்கமான பரிசோதனைகளுக்கு மாற்றாக இவை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.