பரங்கிமலையில் ஒரு சங்கிலி



ஊருக்குப் போகும்போது சென்னை விமான நிலையத்தருகே பரங்கிமலையைப் பார்க்கிறோம். இந்தியாவின் மாபெரும் நிலஅளவைக்கான அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் அதன் அருகேதான் அளந்தார். 1802 ஏப்ரல் 10 அன்று வேலை தொடங்கியது. கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. கோடோ ஏறக்குறைய ஏழரை மைல். சங்கிலியை 400 முறை கிடத்த வேண்டும்.

வெயிலில் எஃகு நீளும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால், 100 அடிக்குச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர்தான். 400 முறை சேர்ந்தால் 1.4 மீட்டர்! நீண்டுபோன சங்கிலி தூரத்தைக் குறைத்துக் காட்டும். ஆகவே வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். சரிவில் அளந்தால் தூரம் கூடிவிடும். அதைக் கழிக்க வேண்டும். லாம்டன் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி பார்த்துக் குறித்து, கணக்கைத் திருத்தினார்.

செவிலியரான எங்களுக்கு இது புதிதல்ல. ஒருமுறை குழந்தையைப் போர்வையோடு நிறுத்து எடை எழுதிவிட்டோம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. உடனே சொல்லி, மறுபடி நிறுத்தோம். வெட்கமாகத்தான் இருந்தது, குழந்தைக்குச் சரியான மருந்து போயிற்று.

நாம் அளப்பதிலும் பிழை வரும். அது எவ்வளவு என்று பார்த்து, மறைக்காமல் எழுதித் திருத்துவோம்.