திரவப் பளிங்குக் கலவைகளில் பல்லவதிப் புள்ளிகள்

திரவப் பளிங்குகள் திரவம்போல் ஓடக்கூடியவை. ஆயினும் பளிங்குக்குரிய ஒழுங்கில் ஒரு பகுதி அவற்றில் எஞ்சியிருக்கும். கோல் வடிவ மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே திசையில் கிடந்து, இடத்தில் ஒழுங்கற்றிருந்தால் அது நெமாட்டிக் அவத்தை. அவையே படைபடையாக அமைந்து படைக்குச் செங்குத்தாக நின்றால் ஸ்மெக்டிக் ஏ. படைக்குள் சாய்ந்து நின்றால் ஸ்மெக்டிக் சீ.

தூய சேர்வை ஒன்றில் அவத்தை மாற்ற வெப்பநிலைகள் நிலையானவை. சேர்வைகளைக் கலந்தால், விகிதத்தைக் கொண்டு அவற்றை நகர்த்தலாம். திரைகளில் புகழ்பெற்ற ஐந்து-சீபீ என்ற சேர்வை ஏறத்தாழ 24 முதல் 35 பாகை செல்சியஸ் வரையே நெமாட்டிக்காக இருக்கும்; அதை முதன்மைக் கூறாகக் கொண்ட ஈ-7 கலவையோ 60 பாகையை அண்மிக்கும் வரை அவ்வாறே இருக்கும். கணிப்பான் திரை வெயிலிலும் வேலை செய்வது இதனாலேயே.

பௌதிகவியலாளரை ஈர்த்தது வேறொன்று. வெப்பநிலைக்கும் செறிவுக்குமான அவத்தை வரைபடத்தில், மாத்தளை, கண்டி, குருநாகல் மாவட்ட எல்லைகள் ஓரிடத்தில் கூடுவதுபோல, நெமாட்டிக், ஸ்மெக்டிக் ஏ, ஸ்மெக்டிக் சீ ஆகிய மூன்றின் எல்லைகளும் ஒரு புள்ளியில் கூடலாம். இதுவே என்ஏசீ பல்லவதிப் புள்ளி. சாதாரண மும்மைப் புள்ளியிலிருந்து இது வேறுபட்டது. நெமாட்டிக்–ஏ, ஏ–சீ மாற்றங்கள் பொதுவாக மறைவெப்பமின்றித் தொடர்ச்சியாக நிகழ்கின்றன. நெமாட்டிக்–சீ மாற்றத்திற்குச் சிறு மறைவெப்பம் உண்டு, ஆனால் புள்ளியை நெருங்கும்போது அதுவும் பூச்சியத்தை நோக்கிக் குறைகிறது. சென், லுபென்ஸ்கி ஆகியோர் 1976இல் இதற்கான கோட்பாட்டை வெளியிட்டனர். மறு ஆண்டே பிரான்ஸின் போர்தோவிலும் அமெரிக்காவின் கென்ற் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் தனித்தனியே கலவைகளில் இப்புள்ளி கண்டறியப்பட்டது.

கலவையில் ஒரு சிக்கல் உண்டு. செறிவும் ஏற்ற இறக்கத்துக்கு உள்ளாவதால், அளக்கப்படும் அவதி அடுக்குகள் (புள்ளியருகே அளவுகள் மாறும் விதத்தைக் குறிக்கும் எண்கள்) பிறழக்கூடும். எனவே காணப்பட்ட நடத்தை புள்ளியின் இயல்பா, கலப்பின் விளைவா என்ற ஐயம் எழும். அதற்குத் தெளிவான விடை பெங்களூரிலிருந்து வந்தது. அங்குள்ள ராமன் ஆய்வு நிறுவனத்தில் சி. வி. ராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர் 1971இல் திரவப் பளிங்கு ஆய்வைத் தொடங்கியிருந்தார். 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் பளிங்கைக் கண்டறிந்ததும் அவரது குழுவே. 1984இல் அந்நிறுவனத்தின் சசிதர், ரத்னா, கிருஷ்ண பிரசாத் மூவரும் செறிவுக்குப் பதிலாக அமுக்கத்தை மாற்றி, தனியொரு சேர்வையில் என்ஏசீ புள்ளியை எட்டினர். எல்லைக் கோடுகளின் வடிவம் கலவைகளில் கண்டதை ஒத்திருந்தது; ஆகவே அது கலப்பின் விளைவன்று. கலவையை விட்டுத் தனிச் சேர்வையை எடுத்த எளிமையான தெரிவே அப்பரிசோதனையின் பலம்.

கலவைகளில் வேறு வகைப் புள்ளிகளும் விந்தைகளும் உள. நெமாட்டிக்–ஏ மாற்றம் தொடர்நிலையிலிருந்து மறைவெப்பமுள்ள முதல்வரிசைக்கு மாறும் இடம் முவ்வவதிப் புள்ளி. மக்மில்லன் 1971இல் முன்வைத்த எளிய மாதிரி இதை எதிர்வுகூறியது. ஐந்து-சீபீயின் உறவுச் சேர்வைகளான ஒன்பது-சீபீ, பத்து-சீபீ ஆகியவற்றின் கலவைகளில் இது அளந்து ஆராயப்பட்டது. குளிரும்போது ஸ்மெக்டிக் ஏயிலிருந்து மீண்டும் நெமாட்டிக் தோன்றும் விந்தையைக் கிளாடிஸ் 1975இல் கலவையொன்றில் கண்டார். படைத்தடிப்பில் மட்டும் வேறுபடும் இரு ஸ்மெக்டிக் ஏ அவத்தைகளைப் பிரிக்கும் கோடு, திரவ–வாயுக் கோட்டைப் போலவே ஓர் அவதிப் புள்ளியில் முடிவதைப் பெங்களூர்க் குழு, ஹெப்கேயுடன் சேர்ந்து 1987இல் வெளியிட்டது.