புனித யோசேப்பு வாஸ்

யோசேப்பு வாஸ் (1651–1711) கோவாவின் பெனோலிமில் பிறந்த கத்தோலிக்கக் குரு; 'இலங்கையின் அப்போஸ்தலர்' எனப் போற்றப்படுபவர்.

1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்தனர். அதனால் 1687-இல் கூலியாள் வேடத்தில் அங்கு சென்றார். தமிழ் கற்றிருந்த அவர், சில்லாலையில் தங்கி மறைவாக இறைப்பணி செய்தார். 1692-இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையில் அடைத்தான்.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் வசதியுள்ளோரும் நகரை விட்டு வெளியேறினர். நோயாளிகளை உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். வாஸ் அடிகளும் அவருடைய மருமகனான யோசேப்பு கர்வாலியோ அடிகளும் அவர்களைத் தேடிச் சென்று, குடிசை அமைத்து, புண்களைக் கழுவி, உணவூட்டினர். இறந்தவர்களை அடக்கம் செய்தனர். வெறுமையாய்க் கிடந்த வீடுகள் மருத்துவமனைகளாயின. நோயாளி எம்மதத்தவர் என்று அவர்கள் பார்க்கவில்லை. முன்பு சிறையிட்ட அதே பௌத்த அரசன் இப்பணியை மனமாரப் பாராட்டினான். அவருடைய வாழ்வில் மறைபரப்பை விட இந்த மாதங்களே பெரிதாகத் தோன்றுகின்றன.

16 சனவரி 1711 அன்று கண்டியில் காலமானார். 14 சனவரி 2015 அன்று, கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிசு அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.